குரங்கும் மருந்தும்

நம் பாட்டிமார் சொல்லும் பழங்கதை ஒன்று உண்டு. தீராத நோயாளி ஒருவனுக்கு வைத்தியர் மருந்தை அரைத்துக் கொடுத்தாராம். "இதைக் குடித்தால் நோய் பறந்துவிடும். ஒன்றே ஒன்று, குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைத்துவிடாதே" என்றாராம். அதுவரை குரங்கைப் பற்றி எண்ணியே பாராத அந்த மனிதன், அன்று முதல் மருந்துக் கோப்பையைக் கையில் எடுத்தபோதெல்லாம் குரங்கு வந்து முன்னால் குந்திக்கொண்டது. மருந்து கோப்பையிலேயே கிடந்தது. நோய் உடம்பிலேயே நின்றது.

சிரிப்பதற்காகச் சொல்லப்படும் இக்கதைக்குள், சிரிக்க முடியாத ஒரு நோயின் இயக்கம் அப்படியே அடங்கிக் கிடக்கிறது. 'ஒப்செஸிவ் கொம்பல்சிவ் டிஸோடர்' என்று மருத்துவர்கள் அழைக்கும் நோயைத்தான் குறிப்பிடுகிறேன். சுருக்கமாக ஓ.சி.டி. தமிழில் அதற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. இங்கு நாம் அதைக் கட்டாய எண்ண நோய் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்நோய் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது ஓயாமல் கை கழுவும் மனிதரும், பூட்டிய கதவைப் பத்துமுறை இழுத்துப் பார்க்கும் மனிதருமே. அது வெளியே தெரியும் பாதி. தெரியாத பாதி ஒன்றுண்டு. மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கும் இளந்தாய் ஒருத்தி, பக்கத்தில் பாயில் கிடக்கும் குழந்தையைப் பார்க்கிறாள். 'இந்தக் கத்தியால் இவனுக்கு நான் ஏதும் செய்துவிட்டால்?' என்று ஓர் எண்ணம் மின்னலாய் வெட்டுகிறது. அவள் நடுங்கிப்போகிறாள். கத்தியை ஒளித்து வைக்கிறாள். நாளடைவில் குழந்தையைத் தனியே தூக்கவும் அஞ்சுகிறாள். பக்தியில் ஊறிய முதியவர் ஒருவருக்குக் கற்பூர ஆரத்தி வேளையில் சுவாமியைப் பற்றி வாயால் சொல்லக் கூசும் ஆபாச எண்ணம் எழுகிறது. அவர் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார். இருவரும் இதை எவரிடமும் சொல்வதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், அல்லது பாவி என்பார்கள். தாம் பாவிதான் என்று அவர்களே நம்பத் தொடங்கிவிடுவதுதான் இந்நோயின் மிகக் கொடிய பகுதி.

இந்த எண்ணங்களின் வரலாற்றைச் சொல்லப் புகும்போது நான் வியன்னாவிலோ லண்டனிலோ தொடங்கப்போவதில்லை. பல்லேகலவிலிருந்து தொடங்குகிறேன். பல்லேகல என்றால் இன்று கிரிக்கெட் மைதானமும் கைத்தொழிற் பேட்டையும் மாகாண சபைக் கட்டடமுமே ஞாபகத்துக்கு வரும். அங்கிருந்து குண்டசாலை கடந்து, தென்னகும்புரப் பாலத்தில் மகாவலி கங்கையைத் தாண்டிக் கண்டிக்குள் நுழையும் பாதையில் வாருங்கள். தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலே வனம் கறுத்து நிற்கும். கீழே வாவி, வாவியை அண்டிய சங்கராஜ மாவத்தையில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம் என்ற ஒரு பதிப்பகம். அந்தப் பதிப்பகத்தோடும் அந்த வனத்தோடும் தொடர்புடைய இரண்டு நூல்கள், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நோயைப் பற்றி மேலைநாட்டார் எண்ணிய முறையைத் தொட்டுச் சென்றிருக்கின்றன. நம்மவருள் பலரும் அறியாத செய்தி இது.

அதற்கு முன், பழைய உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். வேண்டாத எண்ணம் தரும் வேதனை புதியதன்று. இஸ்லாமியர் இதை 'வஸ்வாஸ்' என்பர். நம் நாட்டு முஸ்லிம் மக்களின் பேச்சுத் தமிழிலும் இச்சொல் உண்டு. வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் தமக்கு வருவதாக நபித் தோழர்கள் முறையிட்டபோது, அவ்வாறு அஞ்சுவதே தெளிந்த ஈமானின் அடையாளம் என்று நபிகள் விடையளித்ததாக முஸ்லிம் கிரந்தத்தில் ஹதீஸ் ஒன்று இருக்கிறது. இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் நகரைச் சேர்ந்தவரும் 934 இல் மறைந்தவருமான அபூ சைத் அல்-பல்கி, உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றிய தமது நூலில் கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றோடு வஸ்வாஸுக்கும் தனியிடம் கொடுத்து எழுதினார்.

கிறிஸ்தவ உலகில் இதற்கு வழங்கிய சொல் 'ஸ்குரூப்பிள்'. இலத்தீனில் கூரிய சிறுகல் என்று பொருள். செருப்புக்குள் புகுந்த கல் போல அடிக்கு அடி குத்தும் மனச்சாட்சி, நல்ல உவமை. ஆங்கில இலக்கியம் பயின்றோர் ஜோன் பனியனை அறிவர். 1666 இல் வெளியான அவரது தன்வரலாற்றில், கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று மனத்துக்குள் ஓயாமல் ஒலித்த எண்ணத்தோடு அவர் பட்ட பாடு விரிவாக வருகிறது. 1692 இல் ஆங்கிலேய அரசி மேரியின் முன்னிலையில் பிரசங்கம் செய்த பிஷப் ஜோன் மூர், இதைவிட ஒருபடி மேலே போனார். இத்தகைய எண்ணங்களால் துன்புறுவோர் பெரும்பாலும் நல்லவர்களே, தீயோருக்கு இந்தத் தொல்லை தெரியாது என்றார் அவர். இவ்வெண்ணங்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள், எதிர்க்க எதிர்க்க அவை பெருகும், பொருட்படுத்தாமல் விட்டால் தாமே தேயும் என்பதும் அவரது உபதேசம். மருத்துவம் அந்த இடத்துக்கு வந்துசேர இன்னும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன! 1877 இல் ஜேர்மன் மருத்துவர் கார்ல் வெஸ்ற்ஃபால், அறிவு கெடாத மனிதனின் மனத்தில் அவன் விருப்பத்துக்கு மாறாகத் தலைநீட்டும் எண்ணம் என இதற்கு வரையறை தந்தார். 1909 இல் ஃப்ராய்ட் ஒரு நோயாளியைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அவற்றை இங்கு விரிக்கத் தேவையில்லை.

இனிக் கண்டிக்கு வருவோம்.

பாளி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தின் இருபதாவது சூத்திரத்துக்கு 'விதக்க சண்டான சுத்தம்' என்று பெயர். எண்ணங்களை அடங்கச் செய்தல் பற்றியது. தியானத்தில் ஈடுபடும் பிக்குவுக்கு ஆசை, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றோடு கூடிய எண்ணங்கள் எழுந்தால் என்ன செய்வது என்பதற்குப் புத்தர் ஐந்து வழிகளைச் சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஓர் உவமை.

முதலாவது, தீய எண்ணத்தின் இடத்தில் நல்லதொன்றை வைப்பது; கைதேர்ந்த தச்சன் மெல்லிய ஆப்பினால் தடித்த ஆப்பை அடித்து வெளியேற்றுவது போல. அது பலிக்காவிடின், அவ்வெண்ணத்தின் கேட்டை நினைப்பது. அலங்காரப் பிரியரான இளைஞனோ யுவதியோ தம் கழுத்தில் செத்த பாம்பு தொங்கக் கண்டால் எப்படி அருவருப்பரோ அப்படி. அதுவும் பலிக்காவிடின், கவனியாது விடுவது. காண விரும்பாததைக் கண்டவன் கண்ணை மூடுவது போல, அல்லது வேறுபக்கம் திரும்புவது போல. நான்காவது, எண்ணம் உருவாகும் மூலத்தை ஆராய்ந்து அதைப் படிப்படியாகத் தணிப்பது. இதற்கான உவமை எனக்கு மிகப் பிடித்தது: வேகமாக நடந்துபோகும் ஒருவன், 'நான் ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறேன்? மெல்ல நடந்தால் என்ன?' என்று தன்னைக் கேட்கிறான். மெல்ல நடக்கிறான். 'ஏன் நடக்க வேண்டும்?' நிற்கிறான். பிறகு உட்காருகிறான். பிறகு படுத்துக்கொள்கிறான். ஐந்தாவதும் கடைசியுமான வழி, பல்லை இறுகக் கடித்து, நாவை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தை மனத்தாலேயே நசுக்குவது. பலசாலி ஒருவன் மெலிந்தவனைப் பிடித்து அமுக்குவது போல.

இச்சூத்திரத்துக்கு ஐந்தாம் நூற்றாண்டில் உரை எழுதியவர் புத்தகோசர். அநுராதபுர மகாவிகாரையில் இருந்து, பழைய சிங்கள உரைகளைப் பாளிக்கு மாற்றியவர். மஜ்ஜிம நிகாய உரையான 'பபஞ்சசூதனீ'யின் முடிவுரையில், முன்னொரு காலத்தில் மயூரபட்டணம் என்ற ஊரில் தம்மோடு வாழ்ந்த புத்தமித்திரர் என்ற தேரரின் வேண்டுகோளுக்காக இதை எழுதியதாகக் குறிப்பிடுகிறார். மயூரம் மயில் அல்லவா? அவ்வூரை மயிலாப்பூர் என்பாரும் உளர், மயிலாடுதுறை என்பாரும் உளர். இன்னோர் உரையில் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த நாட்களையும் சொல்கிறார். ஆக, இலங்கையில் எழுந்த இந்த மனநூலுக்குத் தமிழ்நாட்டுத் தேரர் வட்டத்தின் தூண்டுதலும் ஒரு காரணம். மணிமேகலை பிறந்த மண்ணில் இது வியப்பன்று.

புத்தகோசரின் உரையில் மூன்றாம் வழியை விளக்கும் இடம் சுவையானது. வேண்டாத எண்ணம் வந்தால் மனப்பாடமான பாடத்தை ஓது. முடியாவிட்டால் உன் பையைத் திறந்து அதிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்: இது தீக்கடை கோல், இது ஊசி, இது நகவெட்டி என்று. அதுவும் முடியாவிட்டால் கட்டட வேலையில் இறங்கு என்கிறார். உதாரணத்துக்கு ஒரு கதை சொல்கிறார். திஸ்ஸன் என்ற சாமணேரன் துறவில் மனம் கசந்து வீடு திரும்ப எண்ணித் தன் ஆசாரியரிடம் சொன்னான். ஆசாரியர் கோபிக்கவில்லை, புத்திமதியும் கூறவில்லை. 'இங்கே குளிக்கத் தண்ணீர் கிடைப்பது கஷ்டம், என்னைச் சித்தலபர்வதத்துக்கு அழைத்துப் போ' என்றார். உறுகுணையிலுள்ள இன்றைய சித்துல்பவ்வதான் அது. அங்கே போனதும், தனக்கென ஓர் உறைவிடம் அமைத்துக்கொள்ளும்படி அவனை ஏவினார். திஸ்ஸன் ஒருபக்கம் மலைச்சரிவைத் துப்புரவு செய்தான், ஒருபக்கம் சங்யுத்த நிகாயத்தைப் பாடம் செய்தான், ஒருபக்கம் தியானமும் பழகினான். மூன்றும் நிறைவேறியபோது வீடு திரும்பும் எண்ணம் போன இடம் தெரியவில்லை. எண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமலேயே எண்ணத்துக்குச் சிகிச்சை செய்த அந்த ஆசாரியரை நான் இலங்கையின் முதல் உளமருத்துவர்களுள் ஒருவராக வைப்பேன். வரலாற்றாசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்!

இச்சூத்திரத்தையும் உரையையும் ஆங்கிலத்தில் தந்தவர் சோம தேரர். 1898 இல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவரது இயற்பெயர் விக்டர் இம்மானுவேல் பெரேரா புள்ளே. 'புள்ளே' என்பது கொழும்புச் செட்டிமாரிடையே வழங்கும் பெயர். நம் 'பிள்ளை'தான் அது. அவரது மொழிபெயர்ப்பைச் சங்கராஜ மாவத்தைப் பதிப்பகம் 'சக்கரம்' என்ற வரிசையில் 21 ஆம் இலக்கச் சிறுநூலாக 1960 இல் வெளியிட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் சோம தேரர் காலமாகிவிட்டார்.

சிறுநூல் கண்டியில் இருக்கட்டும். நாம் லண்டனுக்குப் போவோம். அங்கே உளமருத்துவ நிறுவகத்தில் பணியாற்றினார் பத்மல் டி சில்வா என்ற இலங்கையர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்து, பௌத்த உளவியலையும் ஃப்ராய்டையும் ஒப்பிட்டு 1973 இல் நூல் எழுதிய பத்மசிறி டி சில்வா வேறு, இவர் வேறு. இருவரையும் ஒருவராக்கிக் கட்டுரை எழுதியவர்கள் உண்டு. பத்மல் டி சில்வா, ஸ்ரான்லி ரக்மன் என்ற பேராசிரியரோடு சேர்ந்து 1978 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இத்துறையின் போக்கையே திருப்பிவிட்ட ஆய்வு அது.

அவர்கள் கேட்ட கேள்வி மிக எளியது. இந்தப் பயங்கர எண்ணங்கள் நோயாளிகளுக்கு மட்டுமா வருகின்றன? நோயாளிகள் அல்லாத 124 பேரிடம் வினாக்கொத்தைக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 80 சதவீதத்தினர் தமக்கும் அவ்வாறான எண்ணங்கள் வருவதுண்டு என்று எழுதினார்கள். அன்புக்குரியவரைத் தாக்கிவிடுவேனோ, ஓடும் ரயிலின் முன் பாய்ந்துவிடுவேனோ, கூட்டத்தில் கெட்ட வார்த்தையை உரக்கக் கத்திவிடுவேனோ, இத்தியாதி. ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை. நோயாளிகளின் எண்ணங்களையும் மற்றவர்களின் எண்ணங்களையும் கலந்து, துறைபோன உளவியலாளரிடம் கொடுத்து, எது எவருடையது என்று பிரித்துத் தரும்படி கேட்டார்கள். நோயாளியின் எண்ணம் எது என்று நிபுணர்களால் சரியாக இனங்காண முடியவில்லை. எண்ணத்தின் உள்ளடக்கத்தில் வேறுபாடு கிடையாது. வேறுபாடெல்லாம், நோயாளிக்கு அது அடிக்கடி வருகிறது, நெடுநேரம் நிற்கிறது, அதிகம் வதைக்கிறது, அவர் அதனோடு அதிகம் போராடுகிறார் என்பவற்றில்தான்.

நாம் தொடக்கத்தில் கண்ட இளந்தாய்க்கு இதன் பொருள் என்ன? அவள் மனத்தில் வந்த எண்ணம் அவளது தெருவிலுள்ள பெரும்பாலான தாய்மாருக்கும் ஏதோ ஒரு வடிவில் வந்து போயிருக்கும். அவர்கள் 'சீ, இதென்ன நினைப்பு' என்று வெங்காயத்தை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். இவள் மட்டும், எண்ணம் வந்ததே தான் கொலைகாரி என்பதற்குச் சாட்சி என்று கொண்டாள். எண்ணுவதும் செய்வதும் ஒன்றே என்ற இந்த மயக்கத்துக்கு 1990களில் ரக்மனும் சகாக்களும் தனியே ஒரு பெயரும் சூட்டினர். 1985 இல் போல் சல்கோவ்ஸ்கிஸ் என்ற இங்கிலாந்து உளவியலாளர், இவர்களிடம் காணப்படும் மிதமிஞ்சிய பொறுப்புணர்ச்சியே நோயின் அச்சாணி என்று வாதிட்டார். பிஷப் மூர் சொன்ன 'நல்லவர்கள்' இவர்களே.

அதே 1985 இல் பத்மல் டி சில்வா வேறொரு கட்டுரையும் எழுதினார். சோம தேரர் மொழிபெயர்த்த அந்தச் சூத்திரத்தின் ஐந்து வழிகளையும், நவீன நடத்தைச் சிகிச்சையாளர் கையாண்ட உத்திகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டார். தச்சனின் ஆப்பு, எண்ணத்தை மாற்றி வைக்கும் உத்திக்கு இணை. செத்த பாம்பு, வெறுப்பூட்டும் உத்திக்கு இணை. கண்ணைத் திருப்புவது, கவனத்தைத் திருப்பும் உத்திக்கு இணை. பல்லைக் கடிப்பது எதற்கு இணை? 1950களில் ஜோசப் வோல்ப்பே பரப்பிய 'எண்ண நிறுத்த'த்துக்கு. நோயாளியைத் தன் எண்ணத்தை நினைக்கச் சொல்லிவிட்டு, சிகிச்சையாளர் திடீரென 'நிறுத்து!' என்று கத்துவார். பிறகு நோயாளி தனக்குள்ளேயே கத்திப் பழகவேண்டும்.

பழைய நூலில் எல்லாம் இருக்கிறது என்று மார்தட்டுவதற்காக டி சில்வா இதை எழுதவில்லை. இவ்வுத்திகளைச் சோதித்துப் பார்க்கலாம் என்பதே அவர் கருத்து. நாமும் மார்தட்டத் தேவையில்லை. சூத்திரம் தியானம் பயிலும் துறவிக்குச் சொன்னது, நோயாளிக்குச் சொன்னதன்று. மேலும், ஐந்தில் சில இந்நோயாளிக்கு நஞ்சாகவும் முடியும். இதை விளக்கத்தான் குரங்குக் கதை.

1987 இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை அறையில் இருத்தி, ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்கக்கூடாது, நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இனி நினைக்கலாம் என்று விட்டபோது, முன்னர் அடக்கிப் பார்த்தவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. கரடியை அவர் தொஸ்தோயெவ்ஸ்கியின் 1863 ஆம் ஆண்டுப் பயணக் கட்டுரைகளிலிருந்து எடுத்தார். தமிழ்ப் பாட்டி ஒருத்தி பக்கத்தில் இருந்திருந்தால் குரங்கை எடுத்திருப்பார். அடக்கினால் பெருகும் என்பது இவ்வாறு ஆய்வுகூடத்திலும் வெளிப்பட்டது. எண்ண நிறுத்தம் மெல்ல மெல்ல மதிப்பிழந்தது.

ஐந்தாம் வழியைப் பற்றி இன்னொரு செய்தி. அதே மஜ்ஜிம நிகாயத்தின் முப்பத்தாறாவது சூத்திரத்தில், ஞானம் பெறுமுன் தாம் செய்த கடுந்தவங்களை நினைவுகூரும் புத்தர், பல்லைக் கடித்து மனத்தை மனத்தால் நசுக்கிப் பார்த்ததையும் சொல்கிறார். விளைவு? அக்குளிலிருந்து வியர்வை வழிந்தது, உடல் களைத்தது, தேடியது கிட்டவில்லை. ஆகவேதான் அதை ஐந்தில் கடைசியாக வைத்தார் என்று கொள்ள இடமுண்டு. நாமோ வீட்டிலும் பள்ளியிலும் வழிபாட்டிடத்திலும் அந்தக் கடைசி வழியையே முதலாவதாகப் போதிக்கிறோம். 'கெட்டதை நினைக்காதே' என்பதைத் தவிர வேறென்ன நமக்குச் சொல்லத் தெரிகிறது?

நோய்க்கு உண்மையில் பலன்தரும் சிகிச்சை வேறு திசையிலிருந்து வந்தது. 1966 இல் லண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் விக்டர் மெயர், தீராத நோயாளிகள் இருவரைப் பற்றி எழுதினார். ஒருவரை அழுக்குப் பற்றிய அச்சமும், மற்றவரை இறைநிந்தை எண்ணமும் பல்லாண்டு வாட்டியிருந்தன. அஞ்சியதற்கு அவர்களை நேரே முகங்கொடுக்க வைத்து, அதன்பின் வழமையாகச் செய்யும் கழுவல், பரிகாரம் எதையும் செய்யவிடாமல் தாதியர் துணையோடு தடுத்தார். அச்சம் உச்சத்துக்கு ஏறிற்று. பிறகு தானாகவே இறங்கிற்று. இன்றும் இந்நோய்க்கான உளச்சிகிச்சையில் முதன்மையானது இதன் வழி வந்த முறையே. செரட்டோனின் என்ற மூளை இரசாயனத்தின் மீது செயற்படும் குளிசைகளும் துணைநிற்கின்றன. கத்தியை ஒளித்த தாயிடம் சிகிச்சையாளர், குழந்தை பக்கத்தில் இருக்க, அதே கத்தியால் மரக்கறி வெட்டச் சொல்வார். எண்ணம் வந்தால் வரட்டும், அதற்கு மறுமொழி சொல்லாதே என்பார். 'நான் நல்லவள்தானே?' என்று அவள் கணவனிடம் நாளுக்கு நூறுமுறை கேட்பதும் ஒருவகைக் கை கழுவலே, அதற்கும் தடை.

மனத்துக்குள்ளேயே நடக்கும் கை கழுவல்தான் கண்டுபிடிக்கக் கடினமானது. கெட்ட எண்ணம் வந்ததும் ஒரு தேவாரத்தை அவசரமாகச் சொல்லி அழிப்பது, 'இல்லை இல்லை' என்று மூன்றுமுறை தலையாட்டுவது, உண்மையாகவே ஆசைப்பட்டேனோ என்று மனத்தைத் தோண்டிப் பார்ப்பது, எல்லாம் அதுவே. இங்கே தச்சனின் ஆப்பு தடம்புரள்கிறது. நல்ல ஆப்பைக் கொண்டு கெட்ட ஆப்பை அடித்து அடித்து, கடைசியில் அடிப்பதே நோயாகிவிடும். மெல்ல நடக்கும் மனிதனின் உவமையோ தப்பிப் பிழைக்கிறது. அவன் எவரையும் அடிக்கவில்லை. ஏன் ஓடுகிறேன் என்று மட்டும் கேட்டான்.

இனி உடவத்தகெலே வனத்துக்குள் நுழைவோம். 1901 இல் ஜேர்மனியின் ஹனவு நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த சீக்முண்ட் ஃபெனிகர் 1936 இல் இலங்கைக்கு வந்து ஞானபோனிக தேரர் ஆனார். உலகப் போர்க் காலத்தில் ஜேர்மன் பிரஜை என்பதால் ஆங்கிலேயர் அவரைத் தியத்தலாவையிலும், பின்னர் இந்தியாவின் தெஹ்ரா தூனிலும் தடுத்து வைத்திருந்தனர். போருக்குப் பின் இவ்வனத்தின் ஆசிரமத்தில் வாழ்ந்து 1994 ஒக்ரோபரில் மறைந்தார். 1958 இல் ரிச்சர்ட் அபேசேகர, ஏ. எஸ். கருணாரத்ன ஆகிய கண்டி அன்பர் இருவரோடு அந்தப் பதிப்பகத்தைத் தொடங்கியவரும் இவரே. பௌத்த தியானத்தின் இதயம் பற்றி அவர் எழுதிய நூலின் ஆங்கிலப் பதிப்பு 1954 இல் கொழும்பில் வெளியாயிற்று. அதில் அவர் வலியுறுத்துவது 'வெறும் கவனம்' என்ற ஒன்று. எழும் எண்ணத்தை விரட்டாமல், தொடராமல், தீர்ப்பளிக்காமல், 'இது இன்னது' என்று கண்டு விடுவது.

இந்நூலைப் படித்தவர்களுள் ஒருவர் ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸ். லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் கட்டாய எண்ண நோயை ஆராய்ந்த உளமருத்துவர். எண்ணம் வந்ததும் 'இது நான் அல்ல, என் நோய்' என்று பெயரிடுதல், அது மூளையின் கோளாற்றால் வருவது என உணர்தல், வேறு வேலையில் கவனத்தை வைத்தல், எண்ணத்துக்குக் கொடுத்த மதிப்பைக் குறைத்தல் என்று நான்கு படிகளை வகுத்து 1996 இல் ஒரு நூல் வெளியிட்டார். ஞானபோனிகரின் 'வெறும் கவனம்' தமக்குத் தந்த ஒளியை 2002 இல் வெளியான அடுத்த நூலில் பெயர் சுட்டியே எழுதியிருக்கிறார். அவரும் சகாக்களும் 1992 இலும் 1996 இலும் வெளியிட்ட ஆய்வுகள், குளிசையின்றி நடத்தைச் சிகிச்சையால் மட்டும் குணமடைந்தவர்களின் மூளையிலும், கோடேட் என்ற கருவின் செயற்பாடு தணிவதைப் படமாகக் காட்டின. ஆய்வுக்கு உட்பட்டோர் தொகை சிறியது. ஷ்வார்ட்ஸ் அதிலிருந்து மனம், மூளை பற்றி எடுத்த பெரிய முடிவுகளைப் பலர் ஏற்பதில்லை. நானும் முழுதாக ஏற்கவில்லை. பெயரிடுவதையே ஒரு மந்திரமாக ஓதத் தொடங்கும் நோயாளிகளும் உண்டு. ஆயினும், கண்டி வனத்தில் வாழ்ந்த கிழவர் ஒருவரின் சொல் கலிபோர்னியாவில் ஒரு நோயாளியின் நாக்கில் ஏறியது என்பது இலக்கிய வரலாற்றிலும் இடம்பெற வேண்டிய செய்தி.

சொல்லுக்குச் சொந்தமான ஊரில் நிலைமை என்ன? பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் அங்கே போகுமுன் நம்மவர் கடக்கும் வாசல்கள் பல. லயத்திலே இருக்கும் பெண் இப்படியொரு எண்ணத்தை வெளியே சொன்னால் செய்வினை என்பார்கள், பேய் என்பார்கள், நூல் கட்டுவார்கள். கட்டிய நூல் அவிழ்ந்துவிட்டதா என்று பார்ப்பது அவளுக்குப் புதியதொரு நோயாகும். மாமியார் குழந்தையை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டால் அது கருணை போலத் தோன்றும். 'நான் ஆபத்தானவள்' என்ற அவளது தீர்ப்புக்கு அது முத்திரையும் குத்தும். உண்மையில் பிறரைத் துன்புறுத்தத் திட்டமிடுபவன் தன் எண்ணத்தைக் கண்டு நடுங்குவதில்லை; நடுங்குபவளுக்குத் தேவை காவல் அல்ல, சிகிச்சை. இரண்டையும் பிரித்தறிவது வைத்தியர் வேலை. அதற்கு அவர் கேட்கவேண்டும், இவள் சொல்லவேண்டும். நூறில் ஒன்றிரண்டு பேருக்கு இந்நோய் உண்டு என்கிறார்கள். நமக்குத் தெரிந்த நூறு குடும்பங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்?

டி சில்வா 2007 இலும் ரக்மன் 2021 இலும் மறைந்தனர். அவர்கள் தொடங்கிய கேள்வியை 2014 இல் வெளியான ஓர் ஆய்வு உலகளவில் எடுத்துச் சென்றது. ஆறு கண்டங்களில், பதின்மூன்று நாடுகளில், 777 பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டார்கள். கடந்த மூன்று மாதத்தில் வேண்டாத எண்ணம் ஒன்றேனும் வந்தது என்றோர் 93.6 சதவீதம். கனடா முதல் சியரா லியோன் வரை நீண்ட அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை, இந்தியாவும் இல்லை. பல்லேகலவில் காலை ஏழு மணிக்குக் கண்டி பஸ்ஸில் ஏறும் ஐம்பது பேரிடம் அந்த வினாக்கொத்தை நீட்டினால், நாற்பது பேராவது 'ஆம்' என்று எழுதுவார்கள் என்றே நினைக்கிறேன். தாளின் மேல் பெயரை எழுதச் சொல்லாத வரையில்.